ஒரு வாசல், ஒரு எலும்பு

சேசு மரி சூசை துணை
திண்டுக்கல்
3-2-1958

சென்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரியை ஒற்றைக் கையால் தாங்கி நிற்கும் மகாராணி ரோசலினுக்கு, திண்டுக்கல் சீமையின் வாடகை சைக்கிள் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய ஆரோக்கியதாஸ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். காலா? அதைக் கால் என்று சொன்னால் கர்த்தருக்கே பொறுக்காது. தேக்குத் தூண்!

அய்யலூர் சந்தையில் என்னை முட்டிச் சாய்த்த அந்தக் கிடாயைப் பற்றி உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி விழுந்தேன் என்று ஊரில் ஒரு வதந்தி. நம்பாதே. கிடாய் என்றால் யானைக் கன்று உயரம். கொம்பில் ரெண்டு சைக்கிளை மாட்டி வைக்கலாம். நானும் அதுவும் அரைநாள் மல்லுக்கட்டினோம். கடைசியில் அது பயந்து போய் என் தொடை எலும்பை உடைத்துவிட்டு ஓடிவிட்டது.

பொங்கல் கழிந்ததும் மாவுக்கட்டை அவிழ்த்தார்கள். மறுநாளே மலைக்கோட்டை உச்சி வரை ஏறி இறங்கினேன். வழியில் ரெண்டு வெள்ளாடுகளை முந்தினேன். அதற்கடுத்த நாள் தாடிக்கொம்பு வரை நடந்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துச் சௌக்கியம் விசாரித்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பினேன். இப்போது தெருவில் என் நடையைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. போலீஸ்காரர் வந்து ஒழுங்குபடுத்துகிறார்.

ஆகையால் என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நர்சுப் படிப்பு பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு. பிடித்திருந்தாலும் ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன்.

உன் மாமன்,
ஆரோக்கியதாஸ்


சென்னை
12-2-1958

மாமாவுக்கு ரோசலின் தோத்திரம்.

குர்ஷித் பெரியம்மா நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அவர் பேரனை விட்டு எழுதிய கடிதமும் உங்கள் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாவுக்கட்டு அவுத்த நாள்லருந்து உங்க மாமன் கட்டிலை விட்டு எறங்கலத்தா. கால் தரையில பட்டா பூமி ரெண்டாப் பொளந்துரும்ங்குறாரு. சோறும் ஆணமும் குடுத்தனுப்புனா படுத்துக்கிட்டே சாப்புடுறாரு."

படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வார்டில் ஒருவர் இருக்கிறார், உங்கள் வயதுதான். கட்டு அவிழ்த்த பிறகு வலிக்குப் பயந்து படுத்தே இருந்தார். இப்போது கால் சூம்பிவிட்டது. இனி அவர் நடக்கமாட்டார் என்று பெரிய டாக்டர் எங்களைச் சுற்றி நிற்கவைத்துச் சொன்னார். அந்த நோயாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களைத்தான் நினைத்தேன்.

இன்னொன்று. நான் கிளம்பிய அன்று நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அப்போது உங்களுக்கு ரெண்டு காலும் நன்றாக இருந்தன. "நர்சு வேலைக்குப் போறவளை நான் அனுப்பி வைக்க மாட்டேன்" என்று கடைக்குள் உட்கார்ந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தீர்கள். என் பெட்டியைத் தூக்கி வந்தது பெரியம்மா. ரயில் கிளம்பி, பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் கதவருகே நின்று பார்த்தேன். அதை இதுவரை எழுதவில்லை. இன்று எழுதிவிட்டேன்.

அம்மா இறந்த பிறகு எனக்கு இருப்பது நீங்கள் ஒருத்தர். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் மாமா எனக்கு வேண்டாம்.

இங்கே என் கதையும் அப்படித்தான். எல்லாம் இங்கிலீஷ். எலும்புகளின் பெயர்கள் மட்டும் இருநூற்றுச் சொச்சம். புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. நேற்று ஒரு முடிவு செய்தேன். காலையில் கோயில் மணி அடித்ததும் ஒரே ஒரு எலும்பு படிப்பேன், அதற்கு மேல் இல்லை. நீங்கள் சாயங்கால மணி அடித்ததும் ஒரே ஒரு வாசல் தாண்டுங்கள். மறுநாள் இன்னொரு வாசல். முடியாத நாளில் முந்தின நாள் போன இடம் வரைக்குமாவது போய்த் தொட்டுவிட்டு வரவேண்டும். உங்களுக்கு ஒரு வாசல், எனக்கு ஒரு எலும்பு.

ஒரு நிபந்தனை. கடிதத்தில் பொய் எழுதக் கூடாது. எழுதினால் பதில் வராது.

ரோசலின்


திண்டுக்கல்
19-2-1958
(கார்டு)

ரோசலினுக்கு,

கட்டிலை விட்டு இறங்கினேன். பூமி பிளக்கவில்லை. நம் வீட்டு வாசல்படியைத் தொட்டேன். வலித்தது. அழுதேன்.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை. பொய் இல்லாமல் கார்டில் இவ்வளவு இடம் மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது.

ஆரோக்கியதாஸ்


திண்டுக்கல்
6-4-1958

ரோசலினுக்கு ஆசீர்வாதம்.

நிபந்தனைப்படி எழுதுகிறேன். நடுவில் எங்கேயாவது பெரிதாகத் தெரிந்தால், அது என் கை தன் பாட்டுக்குச் செய்தது என்று வைத்துக்கொள்.

முதலில் குர்ஷித் அக்காவின் வாசலை வென்றேன். (நின்றேன் என்று எழுதியிருக்க வேண்டும்.) அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏப்பா ஆரோக்கியம், நீ நடந்து வாரியா, இல்ல தெரு உன்னையப் பாத்து வருதா? அம்புட்டு மெதுவா இருக்கு!" என்று சிரித்தார். பதிலுக்கு என்னிடம் பன்னிரண்டு பெரிய வார்த்தைகள் இருந்தன. மூச்சு வாங்கியதில் ஒன்றும் வெளியே வரவில்லை.

அடுத்து பூக்கட்டும் நாச்சிமுத்து வீடு. அதற்கடுத்து அப்துல் ஜப்பார் பாயின் தோல் மண்டி. அந்த வாசல் நீளமானது, மனசாட்சிப்படி அதை ரெண்டு நாளாகப் பிரித்துக்கொண்டேன். பொம்மையனின் புகையிலைக் கடைக்குப் போய்ச் சேர்ந்த அன்று அவன் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தான். "உக்காராதீங்க மாமா, உக்காந்தா எந்திரிக்க மாட்டீங்க" என்று உடனே பிடுங்கியும் கொண்டான். நல்லவன்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன், இது பொய்யில்லை. முதல் வாரம் நான்தான் காலை இழுத்துக்கொண்டு போனேன். இப்போது மணி அடித்ததும் கால் தானாகக் கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடுகிறது. நேற்று மழை. இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன். கால் கேட்கவில்லை, குடையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று, இன்று காலையில் நீ படித்த எலும்பு எதுவாக இருக்கும் என்று யோசிப்பேன். எனக்கு எலும்புப் பெயர் ஒன்றும் தெரியாது. ஆனாலும் யோசிப்பேன்.

ஆரோக்கியதாஸ்


சென்னை
2-5-1958

மாமாவுக்குத் தோத்திரம்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னைப் பொய்க்காரி என்பீர்கள்.

தலையிலிருந்து இறங்கி இப்போது விலாவுக்கு வந்திருக்கிறேன். நேற்று வார்டு சிஸ்டர் திடீரென்று கேட்டார், சொல்லிவிட்டேன். அவருக்கே ஆச்சரியம். ஒரு நாளைக்கு ஒன்றுதான் படிக்கிறேன் என்று சொன்னதற்கு, "இப்படியே போனால் உன் நோயாளிக்கு வயதாகிவிடும்" என்றார். ஆகட்டும். பத்து படித்த நாளில் மறுநாள் ஒன்றும் மிச்சமிருந்ததில்லை.

காலை மணிக்கு எழுந்திருப்பதுதான் கஷ்டம். அங்கே நீங்கள் விடிந்ததும் வாடகைக்குப் போகிற ஒவ்வொரு சைக்கிளின் மணியையும் அடித்துப் பார்ப்பீர்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விடியும். போர்வைக்குள்ளிருந்து "மாமா, போதும்" என்று கத்துவேன். இங்கே தெருவில் யாராவது சைக்கிள் மணி அடித்தால் தலையணையில் முகத்தை வைத்துக்கொள்கிறேன். கூட இருக்கிற பெண்கள் தலைவலியா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். இந்த ஒரு பொய்யை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

ரோசலின்


திண்டுக்கல்
21-7-1958

ரோசலினுக்கு,

குர்ஷித் அக்கா எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு நாள் கால் சொன்னபடி கேட்டது. தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்று திரும்பியிருக்க வேண்டும். மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரிந்தது. பொய் எழுத முடியாதவன் அதை நிஜமாகவே செய்துவிட்டு எழுதலாம் என்று புத்தி போயிற்று. பாதி வழியில் விழுந்தேன். ரெண்டு பேர் தூக்கி ஒரு சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது என் கடை சைக்கிளே. அதற்கு வாடகையும் நான்தான் கொடுத்திருக்க வேண்டும்.

எலும்பு உடையவில்லையாம். வீக்கம். மறுபடியும் கட்டில், மறுபடியும் கூரை. உன் வார்டுக்காரர் என்ன பார்த்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. ஒன்றுமே இல்லை, வெறும் ஓடு.

கோபித்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்துவிடாதே. நாளைக்கு மணி அடித்ததும் நம் வீட்டு வாசல்படி. முதலிலிருந்து.

ஆரோக்கியதாஸ்


சென்னை
9-10-1958

மாமாவுக்கு,

பரீட்சையில் தேறவில்லை. எலும்புகள் எல்லாம் எழுதினேன். மற்றதெல்லாம் இங்கிலீஷில் கேட்டிருந்தார்கள். கேள்வியே புரியவில்லை. பிப்ரவரியில் திரும்ப எழுதலாம் என்கிறார்கள்.

எனக்கு வேண்டாம் மாமா. ரெண்டு நாளாகக் காலை மணிக்கு எழுந்திருக்கவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன். நீங்கள் அப்போதே சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. கடையில் உட்கார்ந்து வாடகை எழுதுகிறேன், உங்களுக்குச் சோறு, வெஞ்சனம் வைத்துத் தருகிறேன். உங்கள் பதில் வந்ததும் ரயில் ஏறுகிறேன்.

ரோசலின்


திண்டுக்கல்
13-10-1958

ரோசலினுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் உன் அறையைத் திறந்து, ஜன்னலைத் துடைத்து, கட்டிலுக்குப் பாய் விரித்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் ஆசை எது என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீ வந்து, கடையில் நின்று, "மாமா, போதும்" என்று கத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காகத்தான் அன்று ஸ்டேஷனுக்கு வரவில்லை. வழியனுப்பினால் நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். நான் வராமலே நீ போய்விட்டாய்.

ஆனால் இப்போது வராதே.

நீ வந்தால் நான் சந்தோஷத்தில் கட்டிலில் படுத்துவிடுவேன். பிறகு எழுந்திருக்க மாட்டேன். சாயங்கால மணிக்கு நான் எதற்காகக் கால் எடுத்து வைக்க வேண்டும்? அங்கே ஒருத்தி காலை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பதற்காகத்தானே.

விழுந்த பிறகு நான் முதல் வாசலிலிருந்து ஆரம்பித்தேன். நாச்சிமுத்து கேட்டான்: "என்ன அப்பு, போன பங்குனியில பாத்த அதே எடத்துல நிக்கிறீங்க?" ஆமாம்டா, நிற்கிறேன் என்றேன். இப்போது தோல் மண்டியைத் தாண்டியாயிற்று, இந்தத் தடவை ஒரே நாளில்.

பெட்டியைப் பிரி. எலும்பு முடிந்துவிட்டது என்றால் இங்கிலீஷ் வாக்கியம் ஒன்று. ஒன்றே ஒன்று.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஆரோக்கியதாஸ்


சென்னை
30-10-1958
(கார்டு)

மாமாவுக்கு,

பெட்டியைப் பிரித்துவிட்டேன். இன்று ஒரு வாக்கியம். அதன் தமிழ்: நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், நீ கேட்க வேண்டும்.

உங்களுக்கு எங்கே வலிக்கிறது மாமா?

ரோசலின்


சென்னை
28-5-1959

என் அருமை மாமாவுக்கு ரோசலின் தோத்திரம்.

தேறிவிட்டேன்! பிப்ரவரியில் எழுதியதில் தேறி, போன வாரம் கடைசிப் பரீட்சையிலும் தேறிவிட்டேன். வார்டு சிஸ்டர் என் கையைப் பிடித்து, "உன் நோயாளிக்கு வயதாகவில்லை" என்றார்.

தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஜூன் பத்தாம் தேதி சாயங்காலமே சேர வேண்டும். என்னோடு நாலு பேர், கூட்டிப் போக ஒரு மதர். இறங்க விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் ரயில் பத்தாம் தேதி காலையில் திண்டுக்கல்லில் கொஞ்ச நேரம் நிற்கும்.

தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் வரை போய், பிளாட்பாரத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறேன் என்று மார்ச் மாதத்திலிருந்து எழுதுகிறீர்கள். அப்படியானால் அன்று காலையில் ஒரு தடவை வாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். நான் கதவருகே நிற்பேன்.

ரோசலின்


தூத்துக்குடி
11-6-1959

மாமாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன்.

ரயில் நின்ற நேரம் முழுவதும் கதவருகே நின்றேன். குர்ஷித் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று பொம்மையன் அண்ணன் வந்து புகையிலை வாசனையோடு ஒரு பொட்டலம் பலகாரம் கொடுத்தார். "மாமா விடியக்காலமே கெளம்பிட்டாரே, இன்னும் வரலையா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்காகப் பேசுகிறார் என்று தெரிந்தது.

பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் பார்த்தேன். போன தடவை மாதிரியே.

மணிக்கூண்டு, ஸ்டேஷன், பிளாட்பாரம் எல்லாம் தாடிக்கொம்புக் கோபுரம் மாதிரிதானா மாமா? அந்தக் கிடாய் மாதிரிதானா?

ரோசலின்


திண்டுக்கல்
15-6-1959

ரோசலினுக்கு,

விடியுமுன் கிளம்பினேன். மணிக்கூண்டில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். ரயில்வே கேட்டுக்கு வந்தபோது நேரம் நிறைய இருந்தது. கேட் மூடியிருந்தது.

நான் தினமும் போய் வந்தது சாயங்கால மணிக்கு. அந்த நேரத்தில் ரயில் கிடையாது. கேட் மூடி நான் பார்த்ததே இல்லை. முதலில் ஒரு கூட்ஸ் போயிற்று. திறக்கவில்லை. பிறகு உன் ரயில் வந்து ஸ்டேஷனில் நின்றது. கேட்டுக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான்.

எல்லாரும் கம்பிக்குக் கீழே குனிந்து போனார்கள். கேட்கீப்பர் மலைச்சாமி, "செத்த குனிஞ்சு வந்துருங்க அப்பு, நான் பிடிச்சுக்கிறேன்" என்றான். குனிந்து பார்த்தேன். கால் மடங்கவில்லை. ஒரு வருஷமாக நடக்கப் பழகினேன், குனியப் பழகவில்லை. "தூக்குறேன் அப்பு" என்றான். அதற்குள் ரயில் ஊதிவிட்டது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டிகள் என் முன்னாலேயே போயின. கதவுகளில் உன்னைத் தேடினேன். நீ இல்லை. பிளாட்பாரத்தில் அடிக்கலாம் என்று கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணியைக் கழற்றி ஜிப்பாப் பையில் கொண்டுவந்திருந்தேன். தேடுகிற மும்முரத்தில் அதை அடிக்க மறந்துவிட்டேன்.

பிளாட்பாரத்துக்கு வரவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் வந்தேன்.

ஆரோக்கியதாஸ்


தூத்துக்குடி
20-6-1959

மாமா,

உங்கள் கடிதம் இன்று ஆஸ்பத்திரிக்கே வந்தது. மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன்.

நம்புகிறேன். மலைச்சாமி அண்ணனிடமோ பெரியம்மாவிடமோ கேட்கப் போவதில்லை. பொய் சொல்கிற என் மாமா கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்க மாட்டார். கேட்டைப் பிடுங்கி எறிந்திருப்பார். ரயிலை ஒரு கையால் நிறுத்தி, மதரை மலைக்கோட்டை மேல் உட்கார வைத்துவிட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். குனிய முடியவில்லை, மணி அடிக்க மறந்தேன் என்று எழுத அவருக்குத் தெரியாது.

நான்தான் தப்பு செய்தேன். பிளாட்பாரம் முடிந்ததும் உள்ளே போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கேட் வரும்போது தலை தூக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு வாசல் நின்று பார்த்திருக்கலாம். ஊருக்கெல்லாம் சொன்ன நான் அதைச் செய்யவில்லை.

கிறிஸ்துமசுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை.

உங்கள் மேல் இருந்த நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். இனி கடிதத்துக்கு ஒரு பொய் எழுதிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று. கடைசி வரியில். எனக்கு என் பழைய மாமாவும் வேண்டும்.

ரோசலின்


திண்டுக்கல்
25-6-1959

தூத்துக்குடித் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் பேரைக் கேட்டுப் பயப்படும் நர்சம்மா ரோசலினுக்கு,

(இது மரியாதை. பொய்க் கணக்கில் சேராது.)

சாயங்கால மணிக்கு இப்போது ஸ்டேஷன் வரை போய், திரும்பும்போது கேட்டருகே நிற்கிறேன். மலைச்சாமி எனக்காகக் கம்பியை இறக்கித் தருகிறான். அதைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். முதல் நாள் தலையை மட்டும் தொங்கப்போட்டேன். "அது குனியிறது இல்ல அப்பு, வெக்கப்படுறது" என்றான். இன்று விரல் முழங்காலைத் தொட்டது. வண்டிக்காரன் ஒருவன் ரயில் வருகிறதென்று மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்கள் ரெண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனான்.

குர்ஷித் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. உன் அறை ஜன்னலைத் துடைத்தேன். பாயை இன்னும் விரிக்கவில்லை, லீவு கிடைத்த பிறகு விரிக்கிறேன். அந்தச் சைக்கிள் மணியைத் திரும்ப மாட்டவில்லை, பையிலேயே இருக்கிறது. நடக்கும்போது அது தானாக லேசாகக் கிணுங்குகிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.

நீ கொடுத்த ஒரு பொய்யை இங்கே எழுதுகிறேன்: எனக்கு உன் ஞாபகமே வருவதில்லை.

உன் மாமன்,
ஆரோக்கியதாஸ்